மூன்று தலைமுறை கிரீன் டீ

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் என் கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை. நான் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தேன்.

"நம்ம வீட்ல கிரீன் டீ எப்புடிப் போடுவோம்?" என்று கேட்டார்.

இது என்ன கேள்வி? எங்கள் வீட்டில் கிரீன் டீ போட்டதே இல்லை. நேற்றுவரை நாங்கள் சந்திரனுக்குப் போனதில்லை என்பது எவ்வளவு நிச்சயமோ, அவ்வளவு நிச்சயம். அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. அடுப்பை அணைத்துவிட்டேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன் – செல்வராஜ் ஒரு டீமேக்கர். ஸ்பிரிங்வெளி வீதியில் ஏறிப்போனால் வரும் தோட்டங்களில் ஒன்றில். பெயர் வேண்டாம், வேலை முக்கியம். கொழுந்து வந்து இறங்குவதிலிருந்து தேயிலையாகிப் பையில் அடைபடும்வரை ஸ்டோரில் எல்லாம் அவர் பொறுப்பு. ஸ்டோர் என்றால் எங்கள் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலை. நான் பதுளையில் விஞ்ஞான ஆசிரியை. மகள் தர்ஷிகாவுக்கு இது ஓ.எல். பரீட்சை வருடம். அவளுடைய பள்ளிக்கூடத்துக்காகத்தான் டவுனில் வாடகை வீடு.

விஷயம் இதுதான். போன வருடம் ஸ்டோரின் ஒரு மூலையில், பழைய மெஷின் ஒன்றைத் தட்டிக்கொட்டி, கிரீன் டீ செய்ய ஆரம்பித்திருந்தார்கள். பறித்த கொழுந்தை வாட்டாமல் உடனே ஆவியில் அவித்து, சுருட்டி, காய வைப்பது. பன்னிரண்டு பெண்களுக்கு அதில் வேலை. செய்த தேயிலை அழகாக இருந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை.

கடைசியில் ஜெர்மனியில் சிறிய தேயிலைக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா எழுதியிருந்தார். சாம்பிள் பிடித்திருக்கிறதாம். ஆனால் தேயிலையை மட்டும் விற்பது அவருக்குப் பிடிக்காதாம். அதைச் செய்கிறவர் வீட்டில் அதை எப்படிக் குடிக்கிறார்கள் என்றும் தன் வாடிக்கையாளர்களுக்குக் காட்ட வேண்டுமாம். அப்படி ஏதாவது பழக்கம் இருக்கிறதா?

எங்கள் துரை உடனே பதில் போட்டுவிட்டார். தோட்ட மேனேஜரை நாங்கள் இன்னும் துரை என்றுதான் சொல்கிறோம் – நாடு சுதந்திரம் அடைந்துவிட்டது, நாக்கு அடையவில்லை. துரை எழுதிய பதில் இது: 'எங்கள் டீமேக்கரின் குடும்பம் மூன்று தலைமுறையாக வீட்டில் கிரீன் டீ தயாரித்து அருந்தி வருகிறது. நேரில் வந்து பாருங்கள்.'

அந்த அம்மா கேமராக்காரர் ஒருவரோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறார். எங்கள் வீட்டுக்கு.

மூன்று தலைமுறையா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் தலைமுறை லயத்து வரிசை வீட்டில் டஸ்ட் டீ குடித்தது. இரண்டாம் தலைமுறையும் லயத்தில் டஸ்ட் குடித்தது. மூன்றாம் தலைமுறையான நாங்கள் முன்னேறி, டவுனில் டஸ்ட் குடிக்கிறோம். பால்மா போட்டு, மூன்று கரண்டி சீனி போட்டு. நல்ல தேயிலையெல்லாம் கப்பல் ஏறிவிடும். சலித்து மிஞ்சும் தூள்தான் செய்கிறவனுக்கு. இதில் புதிதாகக் கோபப்பட எதுவும் இல்லை, பழைய கோபமே போதுமானது.

"வர வேணாம்னு சொல்லிருங்க" என்றேன்.

அப்போதுதான் மிச்சத்தைச் சொன்னார். இந்த ஓடர் கிடைக்காவிட்டால் கிரீன் டீ பகுதியை மூடிவிடுவார்கள். பன்னிரண்டு பேரும் திரும்ப மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்க வேண்டியதுதான். அவரைத் தெனியாயப் பக்கம் உள்ள ஒரு ஸ்டோருக்கு மாற்றிவிடுவார்கள். கடிதம் டைப் ஆகித் துரையின் மேசையில் இருக்கிறதாம்.

தெனியாய எங்கே இருக்கிறது என்று தெரியும்தானே? நாட்டின் மற்ற முனை. பஸ் மாறி பஸ் மாறிப் போனால் ஒரு முழு நாள். மாதம் ஒருமுறை வந்தால் பெரிய விஷயம். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் பிரிந்திருந்தது என் பிரசவத்துக்கு மட்டும்தான். அதுவும் அப்போது இவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தார். தன்னுடைய காலுறை எந்த லாச்சியில் இருக்கிறது என்று இருபது வருடமாகத் தெரியாத மனிதர் அங்கே தனியாக என்ன செய்வார்? சரி, அவரை விடுங்கள். நான் என்ன செய்வேன்?

"சரி, தேயிலையக் கொண்டாங்க" என்றேன்.

முதல் ஒத்திகை அன்றைக்கே நடந்தது. எங்களுக்குத் தெரிந்த ஒரே வழியில் போட்டேன். கேத்தல் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், தாராளமாகத் தேயிலை போட வேண்டும், சாயம் இறங்கும்வரை மூடி வைக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் சாயம் இல்லை. இன்னும் இரண்டு கரண்டி போட்டேன். பத்து நிமிடம். அப்போதும் வைக்கோல் ஊறிய தண்ணீர் நிறம்தான். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு துண்டு இஞ்சியும் தட்டிப் போட்டேன்.

தர்ஷிகா ஒரு வாய் குடித்துவிட்டு, எனக்குக் காய்ச்சல் இல்லையே அம்மா, எதுக்குக் கஷாயம் என்றாள்.

கசப்பைக் குறைக்கப் பால்மா கலந்து பார்த்தோம். அந்த நிறத்தை நான் அதற்கு முன்னால் வீடு கட்டும் இடங்களில்தான் பார்த்திருக்கிறேன்.

இதில் அதிகம் அடிபட்டது என் கணவர்தான். அவர் செய்த தேயிலை அல்லவா? நீங்களே போட்டுக் காட்டுங்கள் என்றேன். காட்டினார். ஸ்டோரில் தினமும் காலையில் செய்வதுபோல. தேயிலையை நிறுத்துப் போட்டு, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, மணி பார்த்து, வடித்து... அதுவும் கசந்தது. ஏன் என்று கேட்டேன். ஸ்டோரில் டீ ஊற்றுவது குடிக்க இல்லை, குறை கண்டுபிடிக்க என்றார். எரிந்திருக்கிறதா, புளித்திருக்கிறதா, புகை வாசம் ஏறியிருக்கிறதா – இருக்கிற குறையெல்லாம் வெளியே வர வேண்டும் என்றுதான் அப்படிக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவார்களாம். குடிக்க எப்படிப் போடுவது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

இருபத்திரண்டு வருடம் தேயிலை செய்திருக்கிறார். குடிக்கத் தெரியாது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் விடைத்தாள் பார்ப்பதும் ஏறக்குறைய இப்படித்தான் என்று அப்போது தோன்றியது. வெளியில் சொல்லவில்லை.

அடுத்த நாள் கிரீன் டீ பகுதியில் வேலை செய்யும் பன்னிரண்டு பேரையும் கேட்டுப் பார்த்தாராம். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். அதில் மூத்தவர், இதையெல்லாம் குடிக்கிறார்களா ஐயா, நாங்கள் ஏதோ மருந்துக்கு என்றல்லவா நினைத்தோம் என்றிருக்கிறார்.

பிறகு தர்ஷிகா போனில் தேடினாள். யாரோ ஒரு ஜப்பான்காரர் பத்து நிமிடம் குனிந்து குனிந்து வணங்கிவிட்டு அரைக் கோப்பை ஊற்றினார். வணக்கங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் விஷயம் சுலபம். தண்ணீர் கொதித்த பிறகு எண்பது பாகைக்கு ஆற வேண்டும். தேயிலை ஆளுக்கு ஒரு சின்னக் கரண்டி. இரண்டு நிமிடம். உடனே வடித்துவிட வேண்டும். பிழியக் கூடாது, கலக்கக் கூடாது, இஞ்சியின் பக்கமே போகக் கூடாது.

எண்பது பாகையை எப்படிக் கண்டுபிடிப்பது? பள்ளிக்கூட ஆய்வுகூடத்து வெப்பமானி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். கேத்தலைத் திறந்துவைத்து நாங்கள் மூவரும் சுற்றி நின்றோம். தொண்ணூற்றாறு. தொண்ணூற்று மூன்று. ஒரு குடும்பம் வேலைவெட்டியை விட்டுவிட்டு, கொதித்த தண்ணீர் ஆறுவதை நின்று பார்க்கிறது. எங்கள் வீட்டில் ஆறிய தேத்தண்ணி கொடுத்தால் வந்தவர் கோபித்துக்கொண்டு எழுந்து போவார். இங்கே ஆறவில்லையே என்று நாங்கள் விசிறிக்கொண்டிருந்தோம்.

எண்பது வந்தது. ஊற்றினேன். இரண்டு நிமிடம். வடித்தேன். குடித்தேன்.

நன்றாக இருந்தது. கசப்பு இல்லை. பச்சை வாசம், கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு மெல்லிய இனிப்பு. சீனி போடாமலே. இதைத்தானா இத்தனை வருடமாக மூட்டை கட்டி அனுப்பிக்கொண்டிருந்தோம்? சந்தோஷமாகவும் இருந்தது, ஏமாந்துபோனது போலவும் இருந்தது.

சந்தோஷத்தில் பக்கத்து வீட்டுப் பரீதா ராத்தாவுக்கும் ஒரு கோப்பை கொண்டுபோனேன். ராத்தா என்றால் அக்கா. அவர் கணவருக்கு பஜாரில் புடவைக் கடை. ராத்தா கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"கோவிச்சிக்காதீங்க டீச்சர். தேயிலை முடிஞ்சிட்டா சொல்லியிருக்கலாமே, நான் ஒரு பெக்கட் தந்திருப்பேனே."

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் வெளிறிய தேத்தண்ணி கொடுத்தால் இரண்டு அர்த்தம்தான். ஒன்று, வீட்டில் இல்லை. அல்லது, நீ சீக்கிரம் கிளம்பு. நான் முழுக் கதையையும் சொன்னேன். ராத்தா உள்ளே போய், தங்கக் கரை போட்ட கண்ணாடிக் கோப்பை செட்டை எடுத்து வந்து கொடுத்தார். அவர்களுடைய மகள் கல்யாணத்துக்குப் பிறகு யாருக்கும் எடுக்காத செட். மூன்று தலைமுறைக்காரர் வீட்டில் பிளாஸ்டிக் ட்ரேயில் கொடுத்தால் நம்ப மாட்டார்கள் என்றார்.

டீ சரி. கோப்பை சரி. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் என் கணவர் இன்னும் குடித்துப் பார்க்கவில்லையே.

கொடுத்தேன். வாங்கினார். சர்ர்ர்ரென்று சுவர் அதிரும்படி ஓர் உறிஞ்சல். கன்னம் இரண்டும் உப்பின. கண்ணை மூடினார். பிறகு எழுந்து நேராகப் போய், சமையலறைத் தொட்டியில் துப்பினார்.

ஏன், நல்லா இல்லையா என்று பதறிவிட்டேன். ரொம்ப நல்லா இருக்கு என்றார். பிறகு ஏன் துப்பினீர்கள்? அவருக்கே தெரியவில்லை. ஸ்டோரில் அப்படித்தான். காலையில் வரிசையாக வைத்திருக்கும் கோப்பைகளை ஒவ்வொன்றாக உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் விழுங்கினால் மனிதர் என்னாவது? பாலும் சீனியும் போட்டால் அது அவருக்குச் சாப்பாடு, விழுங்கிவிடுவார். பால் இல்லாத டீ நாக்கில் பட்டால் அது வேலை. துப்பியாக வேண்டும்.

அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் ஒரு நாற்பத்தெட்டு வயது மனிதருக்கு விழுங்கப் பழக்கினோம். தொட்டிக்குத் தூரமாக உட்கார வைத்தோம். தர்ஷிகா எதிரில் உட்கார்ந்து, சின்ன வயதில் நாங்கள் அவளுக்குச் செய்ததுபோல, "ம்... முழுங்குங்கப்பா... அவ்வளவுதான்" என்று ஊக்கம் கொடுத்தாள். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளை. வியாழக்கிழமை ஒரு தடவை விழுங்கினார். கைதட்டினோம். வெள்ளிக்கிழமை திரும்பவும் தொட்டி.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டு, உள்ளே வந்தார். கூடவே தாடிவைத்த கேமராக்காரர். பின்னால் துரை, கழுத்தில் டை கட்டிக்கொண்டு. நான் பட்டுச்சேலை. என் கணவர் வெள்ளைச் சட்டை. வெப்பமானி மட்டும் சமையலறையில் முருங்கைக்கீரைக் கட்டுக்கு அடியில் ஒளிந்திருந்தது. மூன்று தலைமுறைக்காரர்கள் வெப்பமானி வைத்துப் பார்ப்பார்களா?

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பழக்கத்தை உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் இருபது வருடமாக வகுப்பில் 'ஆதாரம் எங்கே?' என்று கேட்டுக்கொண்டிருப்பவள். சிரித்தேன். குடும்பம் என்றேன். மகள்தான் கற்றுக்கொடுத்தாள், மகளும் குடும்பம்தானே?

டீ நன்றாக வந்திருந்தது. தங்கக் கரைக் கோப்பையில் வெளிர்ப் பச்சையாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. கேமரா ஓடியது. வீட்டுத் தலைவர் முதலில் குடிக்கட்டும் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்.

என் கணவர் கோப்பையை எடுத்தார். நான் அவரையே பார்த்தேன். தர்ஷிகா எதிரிலிருந்து வாயை மூடிக்கொண்டு விழுங்கிக் காட்டினாள். துரை டையைச் சரிசெய்தார்.

சர்ர்ர்ர்.

கன்னம் உப்பியது. கண் மூடியது. எழுந்தார். முன்னறையில் தொட்டி இல்லை. மனிதர் நிதானமாக நடந்து ஜன்னலுக்குப் போய், கீழே இருந்த அந்தூரியம் பூச்சட்டியில் துப்பினார்.

கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. துரையின் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்குத் தெனியாய பஸ் கண்ணில் தெரிந்தது. அதன் ஜன்னலோர சீட்டில் இவர், மடியில் பை, பைக்குள் ஒற்றைக் காலுறை. அழுதுவிடுவேன் போல இருந்தது.

அந்த அம்மா மெதுவாக எழுந்தார். ஜன்னலருகே போனார். அந்தூரியத்தைப் பார்த்தார். அதற்கு அப்பால் தெரிந்த மலையைப் பார்த்தார். திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

முதல் மிடறு மண்ணுக்கா, என்று கேட்டார்.

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "யெஸ் மேடம்" என்றார் என் கணவர். "த்ரீ ஜெனரேஷன்ஸ்" என்றார் துரை.

அதன் பிறகு நடந்ததை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. அந்த அம்மா கோப்பையை எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, ஜன்னலுக்குப் போய், பக்தியோடு துப்பினார். கேமராக்காரர் கேமராவைத் தாங்கியில் நிறுத்திவிட்டு வந்து துப்பினார். துரை டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு துப்பினார். தர்ஷிகா துப்பினாள். பட்டுச்சேலையோடு நானும் வரிசையில் நின்று துப்பினேன். நிமிர்ந்து பார்த்தால் மதிலுக்கு அந்தப் பக்கம் பரீதா ராத்தா, கொடியில் போட வந்த துணியோடு அப்படியே நிற்கிறார்.

பிறகு எல்லோரும் உட்கார்ந்தோம். மண்ணுக்குக் கொடுத்தாகிவிட்டது, மிச்சம் நமக்கு. என் கணவர் இரண்டாவது வாய் எடுத்தார். எல்லோருடைய கண்ணும் அவர் மேல். உறிஞ்சவில்லை. மெதுவாகக் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். இன்னொரு வாய். இன்னொன்று. கோப்பை காலியாகிவிட்டது. என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கேன், என்னா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். இருபத்திரண்டு வருடமாகக் குறை மட்டுமே தேடிய நாக்கு.

அவர்கள் போன பிறகு கோப்பைகளைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனேன். ராத்தா வாங்கிக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார். "அவ்வளவு மோசமாவா டீச்சர் இருந்திச்சி?"

ஓடர் வந்துவிட்டது. துரை மேசையில் இருந்த கடிதத்தை அவரே கிழித்தாராம். பன்னிரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து பெக்கட்டும் வந்தது. பின்பக்கத்தில் எங்கள் ஜன்னல், எங்கள் அந்தூரியம், துப்புவதற்குக் கொஞ்சம் முந்தைய நிலையில் என் கணவர். 'ஊவா மலைகளில் முதல் மிடறு மண்ணுக்கு' என்று இரண்டு பாஷையில் அச்சிட்டிருக்கிறார்கள்.

என் மனசாட்சி சும்மா இருக்கவில்லை. உண்மையைச் சொல்லி அந்த அம்மாவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். துரை சொன்னது பொய், பழக்கம் இல்லை, அது வேலைக்காரனின் நாக்கு என்று விளக்கமாக. அவர் உடனே பதில் போட்டார். எல்லாச் சடங்கும் யாரோ ஒருவரின் வேலையிலிருந்து தொடங்கியதுதானே, உங்கள் அடக்கம் என்னை நெகிழ வைக்கிறது என்று. இதற்கு மேல் நான் என்ன செய்ய? தேடி வந்ததைக் கண்டுபிடித்துவிட்டவரிடம் அது இல்லை என்று சொல்லிப் பாருங்கள்.

இப்போது அப்புத்தளையில் ஒரு ஹோட்டலில் வெள்ளைக்காரர்களுக்கு இதைச் செய்து காட்டுகிறார்களாம். பசறைப் பக்கத்து ஸ்டோர் ஒன்றில் துப்புவதற்கென்றே பித்தளைச் செம்பு வைத்திருக்கிறார்களாம். தர்ஷிகாவின் தோழி ஒருத்தி அவளிடமே வந்து, எங்கள் தாத்தா காலத்திலேயே இது இருந்தது என்று சொல்லியிருக்கிறாள்.

போன சனிக்கிழமை ஒரு டூரிஸ்ட் கைடு, பெக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நான்கு பேரை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. டீ போட்டேன். என் கணவர் உறிஞ்சி, ஜன்னலில் துப்பினார். கைடு முகத்தைச் சுளித்தார். என் கணவரை ஓரமாக அழைத்துப் போய், பிழையாகச் செய்கிறீர்கள் ஐயா, கிழக்குப் பக்கம் திரும்பித்தான் துப்ப வேண்டும், இப்படியே போனால் நம்முடைய பாரம்பரியம் என்னாவது என்று கண்டித்துவிட்டுப் போனார். எங்கள் பாரம்பரியத்துக்கு இந்த மாதத்தோடு ஐந்து மாதம் நிறைகிறது.

அவர்கள் போன பிறகு பார்க்கிறேன், என் கணவர் கையில் கோப்பையோடு முற்றத்தில் நின்று, சூரியன் எந்தப் பக்கம் உதிக்கிறது என்று மகளிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார். அவள் காட்டிய பக்கம் திரும்பி, சர்ரென்று உறிஞ்சி, துப்பிப் பழகுகிறார். நான் தடுக்கவில்லை.

கிழக்கோ மேற்கோ, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் துப்பட்டும் – தெனியாயவில் நின்று துப்பாமல் என் கண் முன்னால் நின்று துப்புகிறாரே, எனக்கு அது போதும்.